பயந்துவிட்டாள் என்று சொன்னேன்

எனக்கு ஒடியா தெரியும் என்பதை யாரிடமும் சொல்லவேண்டிய அவசியம் பல வருஷங்களாக வரவில்லை. அப்பாவுக்கு ரூர்கேலா உருக்காலையில் வேலை. நான் பிறந்ததும் பத்தாவது வரை படித்ததும் அங்கேதான். தெருவில் விளையாடியது, சண்டை போட்டது, கெட்ட வார்த்தை கற்றுக்கொண்டது எல்லாம் ஒடியாவில். குரோம்பேட்டைக்குக் குடிவந்த பிறகு அந்த மொழிக்கு வீட்டில் இடமில்லை. நர்சிங் படித்தேன். கல்யாணம் ஆனது. ஒரு தனியார் மருத்துவமனையில் ரொம்ப வருஷம் வார்டு வேலை பார்த்து, முதுகு ஒத்துழைக்காமல் போனதும் விட்டுவிட்டேன். இப்போது பெருங்களத்தூரில் ஒரு ஃப்ளாட்டில் இருக்கிறேன். முதலுதவி சொல்லிக் கொடுக்கும் ஒரு சின்னக் குழுவோடு சேர்ந்து பள்ளிகளுக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் போய்வருவது பழக்கமாகிவிட்டது.

ஒருமுறை குழுவிலிருந்து திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைக்குப் போனோம். வெளிமாநிலத் தொழிலாளர்கள் அதிகம் என்பதால் இந்தி தெரிந்த ஒருவர் வகுப்பு எடுத்தார். ஒரு பட்டறை ஷெட்டில் நாற்பது ஐம்பது பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டினார்கள். எனக்கு மிக அருகில் இரண்டு பேர் மெல்லப் பேசிக்கொண்டார்கள்.

"என்னடா சொல்றார்?"

"யாருக்குத் தெரியும். முடிஞ்சதும் பிரியாணி தருவாங்களாம்."

ஒடியா. நான் திரும்பி, அதே மொழியில், "பிரியாணி இல்லை, தக்காளி சாதம்தான்" என்றேன். அந்த இரண்டு முகங்களும் முதலில் பயந்து, பிறகு விரிந்ததை இன்னும் மறக்கவில்லை. அடுத்த பத்து நிமிஷத்தில் என்னைச் சுற்றி ஒரு கூட்டம். எந்த ஊர், எத்தனை வருஷமாக இங்கே, சாப்பாடு பிடிக்கிறதா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். என் ஒடியா பத்தாம் வகுப்பில் நின்றுபோன ஒடியா. பாடப் புத்தக வார்த்தையும் தெரு வார்த்தையும் கலந்து வரும். அவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

அதற்குப் பிறகு அங்கே வகுப்பு எடுப்பது என் வேலையானது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவசரத்துக்கு என்று என் ஃபோன் எண்ணையும் எல்லோருக்கும் கொடுத்திருந்தேன். தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்த லைன் வீடுகளிலிருந்து பெண்களும் வர ஆரம்பித்தார்கள். குழுவின் வாட்ஸ்அப்பில் என் புகைப்படம் வரும், கீழே கைதட்டும் படங்கள் வரிசையாக விழும். உண்மையைச் சொன்னால், அந்த வகுப்புகளுக்கு நான் போனதில் பாதி அவர்களுக்காக, பாதி எனக்காக. அந்த மொழியில் என்னை 'தீதி' என்று கூப்பிட, அக்கா என்று கூப்பிட, வேறு யாரும் இல்லை.

தீக்காயத்துக்கான வகுப்பன்று முன்வரிசையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கலாம். மடியில் ஒன்றரை வயதுப் பெண்குழந்தை. மற்றவர்கள் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பார்கள். இவள் கேள்வி கேட்பாள். நான் சொன்னதை உதட்டுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்ப்பாள். பற்பசை தடவக்கூடாது, இங்க் ஊற்றக்கூடாது, கொப்புளத்தை உடைக்கக்கூடாது என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, "சுட்ட இடத்தை ஓடுகிற தண்ணீரில் காட்ட வேண்டும், இருபது நிமிஷம்" என்றேன். ஓடுகிற தண்ணீர் என்பதற்குச் சரியான ஒடியா வார்த்தை முந்தின நாள் வரை ஞாபகம் வரவில்லை. யோசித்து யோசித்துப் பிடித்து வைத்திருந்தேன். பஹுதிபா பாணி. அதை இரண்டு முறை அழுத்திச் சொன்னேன், சொல்லத் தெரிந்த சந்தோஷத்தில்.

அவள் கேட்டாள். "டிரம் தண்ணி ஊத்தலாமா தீதி?"

ஷெட்டின் மூலையில் ஒரு டிரம் இருந்தது. வந்தவுடன் கைகழுவப் போய்ப் பார்த்திருந்தேன். பாசி பிடித்து, மேலே புழு நெளிந்தது. என் மனதில் அந்த டிரம்தான் இருந்தது. சாப்பாட்டுப் பொட்டலம் வேறு வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"டிரம் தண்ணி வேண்டாம். ஓடற தண்ணிதான்."

அவள் தலையசைத்தாள். நான் அடுத்ததற்குப் போய்விட்டேன். அவர்கள் வீட்டில் குழாய் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. அத்தனை மாதங்களில் அந்த லைன் வீடுகளுக்குள் ஒருமுறைகூடப் போனதில்லை.

சில வாரங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தெரியாத எண்ணிலிருந்து ஃபோன் வந்தது. திருமுடிவாக்கம் மெயின் ரோட்டில் டீக்கடை வைத்திருப்பவர்.

"அக்கா, இங்க ஒரு வடநாட்டுப் பொண்ணு கொழந்தையத் தூக்கிகினு வந்து நிக்கிது. கைல கொதிகஞ்சி கொட்டிகிச்சாம். பைப்பத் தொறந்து வுட்டுகினு நவுர மாட்டேங்குது. இன்னா சொல்துன்னே பிரியல. போன்ல உன் நம்பரத்தான் காட்டுது."

ஆட்டோ பிடித்துப் போனேன். குழந்தையின் வலது கை முழங்கை வரை தண்ணீருக்கு அடியில் இருந்தது. அவள் முழங்காலிட்டு உட்கார்ந்து கையை அசையாமல் பிடித்திருந்தாள். குழந்தை அழுது அழுது குரல் போய், இப்போது விக்கிக்கொண்டு மட்டும் இருந்தது. அவள் முகத்தில் பதற்றம் இல்லை. என்னைப் பார்த்ததும், "இருபது நிமிஷம் ஆச்சா தீதி?" என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் நடந்ததைச் சொன்னாள். சோறு வடித்துக்கொண்டிருந்தாள். குழந்தை தத்தித் தத்தி வந்து கஞ்சிப் பாத்திரத்தை இழுத்துவிட்டது. உடனே தூக்கினாள். வாசலிலேயே இரண்டு நீல டிரம், அன்று காலையில்தான் லாரித் தண்ணீர் பிடித்து மூடி வைத்தது. அதைத் தாண்டி ஓடினாள். வீட்டுக்காரரின் குழாய்க்குப் போனாள், மோட்டார் போடாததால் வரவில்லை. பட்டறை வாசலுக்குப் போனாள், ஞாயிறு என்பதால் கேட் பூட்டியிருந்தது. பின்னால் இருக்கும் இன்னொரு கம்பெனி, அதுவும் பூட்டு. பிறகு மெயின் ரோடு வரை ஓடி, டீக்கடையில் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டுவதைப் பார்த்தாள்.

"ரொம்ப தூரம்" என்றாள். "ஆனா கடைசியில கிடைச்சிடுச்சு."

அவள் தாண்டி ஓடிய அந்த டிரம் என் கண்முன்னால் நின்றது. நான் பார்த்த பாசி டிரம் அல்ல, காலையில் நிரப்பி மூடி வைத்த சுத்தமான டிரம். ஒரு செம்பு எடுத்து ஊற்றியிருந்தால் போதும்.

டாக்டர் இளைஞர், நல்லவர். ஈரத்துணியை மெல்ல விலக்கிப் பார்த்தார். புறங்கையிலும் விரல்களிலும் தோல் வெளுத்து வழன்றிருந்தது. கஞ்சி என்பதால் ஒட்டிக்கொண்டு சூடு உள்ளே இறங்கிவிட்டது என்றார்.

"ஏம்மா, கொட்டின உடனே தண்ணி ஊத்தலையா? வீட்ல தண்ணி இல்லையா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஒடியாவில் சொன்னேன். அவள் டாக்டரைப் பார்த்தே, நிதானமாக, ஒரு பாடத்தை ஒப்பிப்பவளைப் போல் பதில் சொன்னாள்.

"தண்ணி இருந்துச்சு. டிரம் நிறைய. ஆனா தீதி டிரம் தண்ணி வேண்டாம், ஓடற தண்ணிதான்னு சொல்லியிருந்தாங்க. அதனால ஓடற தண்ணியைத் தேடிக்கிட்டுப் போனேன்."

அதில் குற்றச்சாட்டு இல்லை. சொன்னபடி செய்தேன் என்பதை டாக்டர் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம்தான் இருந்தது. சொல்லி முடித்துவிட்டு நான் மொழிபெயர்ப்பதற்காகக் காத்திருந்தாள். டாக்டரும் காத்திருந்தார். பக்கத்தில் நின்ற நர்ஸ், என் வயதுக்காரி, கையில் கட்டுத்துணியோடு என்னைப் பார்த்தாள்.

"பயந்துட்டா டாக்டர்" என்றேன். "என்ன பண்றதுன்னு தெரியாம வெளிய ஓடிட்டா."

டாக்டர் தலையாட்டினார். "அப்படித்தான். எவ்வளவு சொன்னாலும் பதட்டத்துல மறந்துடுவாங்க. நீங்க யாரு, தெரிஞ்சவங்களா?"

"நான் அவங்களுக்கு ஃபர்ஸ்ட் எய்டு சொல்லிக் குடுக்கறேன்."

"நல்ல விஷயம் மேடம். விடாம பண்ணுங்க."

அவள் என் முகத்தையும் டாக்டர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். டாக்டர் திட்டவில்லை என்றதும் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது போலிருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதற்குள் அவள் கணவன் வந்து சேர்ந்தான். பம்மல் சந்தைக்குப் போயிருந்தவன், பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லி ஓடிவந்திருந்தான். இங்கே வந்து நாலைந்து வருஷம் ஆனதால் தமிழ் நன்றாகப் பேசுவான். டாக்டர் அவனிடம் நேராகத் தமிழில் சொன்னார். உடனே தண்ணீர் ஊற்றியிருந்தால் இவ்வளவு ஆழமாகப் போயிருக்காது, மனைவி பயந்துபோய் வெளியே ஓடிவிட்டார், திட்டாதீர்கள் என்றார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுகூட வாயைத் திறந்திருக்கலாம்.

கட்டு மாற்றுவதற்கு அவர்களோடு ஒவ்வொரு தடவையும் போனேன். பெருங்களத்தூரிலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசலில் மாட்டிக்கொண்டு, வியர்த்து வழிந்து போய்ச் சேருவேன். குழுவில் எல்லோரும் மெச்சினார்கள். என் கணவர்கூட, "இவ்வளவு அலையறியே, உடம்பு என்னத்துக்கு ஆகும்" என்றார். புகழ்ச்சி வரவர அலைச்சலை அதிகமாக்கிக்கொண்டேன்.

ஒருநாள் அவளை அழைத்துப்போக லைன் வீட்டுக்கே போனேன். முதல்முறையாக. பத்து அறைகள், ஒரே வராண்டா, ஒவ்வொரு வாசலிலும் இரண்டு டிரம். வீட்டுக்காரர் பக்கத்தைத் தவிர குழாய் எங்கேயும் இல்லை. வீட்டுக்கார அம்மாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"நீதான் கிளாஸ் எடுக்கறியாமா? நல்லா எடுத்த போ. டிரம்மு ரொம்ப தண்ணிய வச்சிகினு அந்தப் பொண்ணு தெருத்தெருவா ஓடிச்சி பாரு. பயந்துட்டாளாம். கொழந்த பெத்தவளுக்கு இன்னா பயம்? மூள கீதா அதுக்கு?"

உள்ளே அவள் குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்திருக்கும். 'பயந்துட்டா' என்ற என் வார்த்தை ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பி, கணவன் வழியாக, அந்த வராண்டா முழுக்கச் சுற்றி வந்திருந்தது.

அன்று ஆட்டோவில் பொழிச்சலூர் திருப்பத்தில் நின்றபோது, மேலே ஒரு விமானம் தாழப் பறந்து இறங்கியது. குழந்தை கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டியது. அந்த இரைச்சல் அடங்கிய பிறகு அவள் கேட்டாள்.

"தீதி, பயந்துட்டான்னா என்ன?"

நான் அவளைப் பார்த்தேன்.

"எல்லாரும் சொல்றாங்க. அவர் அக்கம்பக்கத்துல தமிழ்ல சொல்றார், வீட்டுக்காரம்மா சொல்றாங்க. அன்னிக்கு நீங்களும் டாக்டர்கிட்ட சொன்னீங்க. முதல்ல நீங்கதான் சொன்னீங்க. என்ன அர்த்தம்?"

பொய் சொல்ல இன்னொரு வாய்ப்பு. வேறு ஏதாவது அர்த்தம் சொல்லியிருக்கலாம், அவளுக்குத் தெரிந்திருக்காது. ஒடியா வார்த்தையைச் சொன்னேன். டரிகலா.

அவள் குழந்தையின் கட்டுப்போட்ட கையை இறக்கித் தன் மடியில் வைத்தாள்.

"நான் பயப்படல தீதி. எங்க தண்ணி ஓடுதுன்னு பார்த்துக்கிட்டேதான் ஓடினேன். நீங்க சொன்னது ஞாபகம் இருந்துச்சு. அதையே சொல்லிக்கிட்டே ஓடினேன்."

"தெரியும்" என்றேன்.

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

ஆஸ்பத்திரி வந்துவிட்டது. நான் ஆட்டோக்காரரிடம் பேசுவது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அடுத்த முறை கட்டு மாற்றப் போனபோது டாக்டரிடம் சொன்னேன். முழுவதும். டிரம் வேண்டாம் என்று சொன்னது நான்தான், அவள் அன்று சொன்ன பதில் அதுதான், நான் மாற்றிச் சொன்னேன் என்று. வார்டில் எத்தனையோ டாக்டர்களிடம் திட்டு வாங்கியவள்தான் நான். இவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், அதை விரும்பினேன் என்றே சொல்ல வேண்டும்.

அவர் குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி மேடம். இப்ப காயம் ஆறணும், அத பாப்போம். அடுத்த கிளாஸ்ல தெளிவா சொல்லிடுங்க" என்றார். பிறகு, "ரெண்டு விரல் முழுசா நிமிராம இருக்கு. விரல் மடங்காம இருக்க ஸ்ப்ளின்ட் வச்சுக் கட்டணும். பிசியோதெரபி ரெகுலரா வரணும். பாக்கலாம்" என்றார்.

டாக்டரிடம் நான் சொன்னதை ஒடியாவில் அவளிடம் சொன்னேன். அவர் சொன்னதையும் சொன்னேன். முதலாவதைக் கேட்டபோது அவள் முகம் மாறவில்லை. இரண்டாவதைக் கேட்டதும் குழந்தையின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"அவர்கிட்டயும் சொல்லுங்க" என்றாள். கணவனைத்தான் சொன்னாள்.

அன்று சாயங்காலமே போனேன். அவன் வேலை முடிந்து வந்து வராண்டாவில் கால் கழுவிக்கொண்டிருந்தான். டிரம்மிலிருந்து செம்பில் மொண்டு மொண்டு ஊற்றினான். அக்கம்பக்கத்துக்காரர்கள் கேட்கும்படியே சொன்னேன், ஒடியாவில் ஒருமுறை, வீட்டுக்கார அம்மாளுக்காகத் தமிழில் ஒருமுறை. அந்த அம்மாள், "அடக் கடவுளே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவன் செம்பைக் கீழே வைத்தான்.

"அப்ப டிரம் தண்ணி ஊத்தியிருக்கலாமா?"

"ஊத்தியிருக்கலாம். ஊத்தியிருந்தா இவ்வளவு ஆகியிருக்காது. அவ கேட்டா. நான்தான் வேண்டாம்னு சொன்னேன்."

அவள் கதவுப் பக்கத்தில் குழந்தையை வைத்துக்கொண்டு நின்றாள். அவன் அவளைப் பார்க்காமல் என்னிடம் சொன்னான்.

"நீங்கதான் டிரம் வேண்டாம்னு சொன்னதா அவ சொன்னா. நம்பாம, அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் நான் அவளை அடிச்சேன் தீதி."

அத்தனை தடவை ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் அவளைப் பார்த்தேன். அவள் குழந்தையின் தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தாள், யாரோ வேறொருத்தியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் போல.

மன்னிப்புக் கேட்டேன். ஒடியாவில் அதற்குப் பாடப் புத்தகத்தில் ஒரு வார்த்தை உண்டு. க்ஷமா. கோயிலில் சொல்வது போல் கேட்டது. தெருவில் விளையாடியபோது என்ன சொல்வோம் என்று யோசித்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அவள் "சரி தீதி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவன் எனக்கு டீ வாங்கிவர எழுந்தான். நான் வேண்டாம் என்று கிளம்பிவிட்டேன்.

அந்த மாத வகுப்பை வேறு யாராவது எடுக்கட்டும் என்று குழுவில் சொன்னேன். ஒடியா தெரிந்தவர் வேறு யாருமில்லை என்றார்கள். கடைசியில் நானே போனேன். ஷெட்டில் வைக்காமல் லைன் வீட்டு வராண்டாவிலேயே வைத்தேன். டிரம், செம்பு, அவர்கள் சோறு வடிக்கும் பாத்திரம், இவற்றை வைத்துக்கொண்டே சொன்னேன். போன தடவை நான் தப்பாகச் சொன்னேன், கையில் எந்த நல்ல தண்ணீர் கிடைக்கிறதோ அதை ஊற்றிக்கொண்டே இருங்கள், குழாயைத் தேடிப் போகாதீர்கள் என்றேன். ஒருவரை எழுப்பி ஊற்றிக் காட்டச் சொன்னேன். தண்ணீர் வீணாகிறதே என்று ஒரு பெண் தயங்கினாள். அந்தத் தண்ணீரைத் தெருக்கோடியில் நிற்கும் லாரியிலிருந்து குடம் குடமாக அவர்கள் தூக்கி வருகிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கீழே ஒரு பேசினை வைத்துப் பிடித்துக்கொண்டோம்.

அவள் தன் வாசலிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். முன்வரிசைக்கு வரவில்லை. கேள்வியும் கேட்கவில்லை. கேட்டுப் பெற்ற பதிலை நம்பி நடந்ததற்கு என்ன கிடைத்தது என்று அவளுக்குத் தெரியும். இனி யாரிடமாவது அவள் அப்படித் தயங்காமல் கேட்பாளா என்பதுதான் என்னை இன்றைக்கும் உறுத்துகிறது. கையாவது கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகி வருகிறது. ஒரு விரல் நிமிர்ந்துவிட்டது. இன்னொன்று நுனியில் வளைந்தே இருக்கிறது. குழந்தை பிஸ்கட்டை இடது கையால் வாங்கப் பழகிவிட்டது.

பிசியோதெரபிக்கு இப்போதும் வாரம் ஒருமுறை போகிறோம். மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிடுகிறாள், வேறு வழியில்லை. அங்கே இருப்பவர் விரலை எப்படி நீவ வேண்டும், ஸ்ப்ளின்ட்டை எப்போது கழற்ற வேண்டும் என்று சொல்வார். நான் ஒரு வார்த்தை விடாமல் ஒடியாவில் சொல்வேன். அவள் கவனமாகக் கேட்பாள். கேட்டுவிட்டு, "அவ்வளவுதான் சொன்னாரா?" என்பாள்.

"அவ்வளவுதான்."

அவள் என்னை ஒரு கணம் பார்ப்பாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, தான் கற்றுக்கொண்ட தமிழில், தானே கேட்பாள்.

"சார், அவ்ளோதானா?"